ஏழு பேர்ச் நிலமும் ஓர் இளவேனிற் பகலும்

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பருவங்களாகப் பகுத்து, சித்திரை வைகாசித் திங்கள்களை இளவேனில் என்றனர். அது தமிழகத்துச் சமவெளியை நோக்கி வகுத்த கணக்கு. ஊவா மலைநாட்டில் இளவேனில் ஒரு மாதம் முந்தியே வாசலுக்கு வந்துவிடுகிறது. ஐப்பசி தொடங்கித் தை முடியப் பெய்த மழை மாசியில் மெல்ல ஓய்கிறது. நமுனுகுல மலையின் முடியில் கவிந்திருந்த மேகத்திரை விலகுகிறது. பங்குனி பிறந்தாலோ, காலை முழுதும் தெளிந்த வெயில். பிற்பகலில் இடி முழக்கத்தோடு ஒரு பாட்டம் மழை. மாலையில் மீண்டும் இளவெயில். மண் ஈரமாயிருக்கிறது, ஆனால் சேறாகவில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த எவரும் இதனினும் நல்ல காலத்தை வேண்டார்.

இத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டுத் தோட்டத்திலே குடும்பத்தோடு கழிப்பது எங்ஙனம் என்பதையும், பதுளைப் பகுதியிலே அந்த ஒரு நாட் பணிக்கு இத்துணை மதிப்பு ஏன் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

இரு பொருள் கொண்ட ஒரு சொல்

யாழ்ப்பாணத்தில் ‘தோட்டம்’ என்றால் மிளகாயும் வெங்காயமும் விளையும் செம்மண் நிலம். மலையகத்தில் அச்சொல்லைக் கேட்டதும் தேயிலை மலையே கண்முன் நிற்கும். “எந்தத் தோட்டம்?” என்று ஒருவரை வினவினால், அவர் பிறந்து வளர்ந்த ஊரை வினவியதாகும். அந்தப் பெருந்தோட்டத்தில் உழைப்பு நம்மவருடையது, விளைவு பிறருடையது. லயத்தின் பின்புறத்திலோ, இஸ்தோப்பின் ஓரத்திலோ, பீலிக்கரைக்குப் போகும் வழியிலோ கிடைத்த கையளவு மண்ணில் விளைந்த கீரையும் கிழங்கும் மட்டுமே வீட்டுக்கு உரியவையாயின. ஆதலின் மலையகத்திலே ‘வீட்டுத் தோட்டம்’ என்னும் சொற்றொடருக்குத் தனியானதொரு பொருள் உண்டு. பேரேட்டில் பதியாத உழைப்பு அது. அதன் பலன் நேரே அடுப்படிக்கு வந்து சேரும்.

1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பிப் பயிரை அழித்தபின் தேயிலை மலைகளெங்கும் பரவியது. 1886 இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1921 இல் தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. 1924 இல் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. கொழுந்து பதமாகித் தேயிலையாய்க் கடல் கடந்து போயிற்று. மலைமக்கள் உண்ணும் அரிசியும் மாவும் வெளியிலிருந்து வந்தன. தாம் விளைவிப்பதை உண்ண இயலாத மக்கள், உண்பதற்கு முற்றிலும் கடையையே நம்பி வாழ்ந்தனர். அந்த நம்பிக்கை எத்துணை மெலிந்த நூல் என்பது 1973, 1974 ஆம் ஆண்டுகளில் தெரிந்தது. அரிசிப் பங்கீடு குறைந்தது. மாவின் விலை ஏறிற்று. தோட்டங்களில் பசியும் நோயும் பல உயிர்களைக் கொண்டன. அக்காலத்தைக் கண்ட மூத்தோர் இன்றும் மரவள்ளியையும் வற்றாளங்கிழங்கையும் சற்று மரியாதையோடுதான் பேசுவர்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து வீட்டுத் தோட்டம் செய்யும்படி அரசாங்கமே சொல்லிற்று. நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிப்பவருக்கு அத்தகைய விடுமுறை ஏது? ‘பேர்’ விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. அவருக்கு ஞாயிறு ஒன்றே நாள். அந்த ஒரு நாளை எவ்வாறு பயன்படுத்துவது என்பது அற்பமான கேள்வியன்று.

காலை: முதலில் அளவு, பின்னர் வெட்டு

பணி தொடங்கும் நேரம் காலை ஏழு மணி. மலைப்பகுதியில் காற்று குளிர்ந்திருப்பதால் வெயிலின் கடுமை தோலில் உடனே தெரியாது. ஆயினும் உயரம் கூடக் கூட ஞாயிற்றின் புறஊதாக் கதிர்கள் வலுக்கின்றன. ஆதலின் பத்து மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் மண்வேலை செய்து, உச்சிப் பொழுதை நிழலில் செய்யும் வேலைக்கு ஒதுக்குதல் நன்று. தலைக்குத் தொப்பியோ துண்டோ வேண்டும்.

சரிவான நிலத்தில் மண்வெட்டியை ஓங்குமுன் நிலமட்டத்தை அறிதல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆறடி நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுக. உச்சியிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டுக. சட்டத்தை நிலத்தில் நிறுத்தி, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்க. பின்னர் இரு கால்களையும் இடம் மாற்றி வைத்து மறுபடியும் குறிக்கவும். இரு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டக் குறி. இனி ஒரு காலை ஊன்றி, மறு காலை மேலும் கீழும் நகர்த்தி, நூல் அந்த நடுப்புள்ளியில் நிற்கும்போது இரு கால்களின் அடியிலும் முளையடித்துக்கொண்டே சென்றால், மலையின் குறுக்கே வளைந்து செல்லும் சமவுயரக் கோடு கிடைத்துவிடும். பாடசாலையில் தூக்குநூலைப் பற்றிப் படித்த மாணவருக்கு இது கைகண்ட பாடமாகும்.

அக்கோட்டை ஒட்டியே பாத்திகளை அமைத்தல் வேண்டும். மேலிருந்து கீழாகப் பாத்தி வெட்டினால் ஒரே மழையில் மேல்மண் முழுதும் ஓடையைச் சேர்ந்துவிடும். பாத்தியின் மேற்புறத்தில் சிறிதே சாய்வுடன் ஒரு கான் வெட்டி, வழிந்துவரும் நீரைப் பக்கவாட்டில் கொண்டுசென்று விடுக. தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதைக் கற்பிக்க வேண்டியதில்லை. பாத்தியின் கீழ்விளிம்பில் வெட்டிவேரையோ எலுமிச்சம்புல்லையோ நெருக்கமாக நட்டால், அவற்றின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தின் சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. பாத்தி கட்டுவதால் அத்தகைய பெருஞ்சரிவைத் தடுத்துவிட முடியாது. எனினும் நிலத்தை நாள்தோறும் கவனிப்பவரே அதன் மாற்றத்தை முதலில் காண்பவர். மண்ணில் புதிதாக வெடிப்புத் தோன்றுதல், நிமிர்ந்து நின்ற மரம் சாய்தல், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல், புது இடத்தில் நீர் கசிதல் ஆகிய அடையாளங்கள் தென்பட்டால், அக்கணமே கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, மழை நாளாயின் அவ்விடத்தை விட்டு நீங்குதல் வேண்டும். தோட்டத்தைப் பெரிதாக்கும் ஆசையால் வீட்டின் பின்புறத்து மேட்டைச் செங்குத்தாக வெட்டுவதும் ஒருபோதும் கூடாது.

மண்ணின் புளிப்பு

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் புளிப்பு. தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை உகந்தது. மரக்கறிகளிற் பெரும்பாலானவையோ 6 முதல் 6.5 வரை கேட்கும். தேயிலை நின்ற மண்ணில் கோவா தலைகட்டாமலும் பீட்ரூட் பருக்காமலும் போவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘நம் கைராசி அவ்வளவுதான்’ என்று எண்ணிக் கைவிடுவோர் பலர். குறை கையில் இல்லை. மண்ணின் புளிப்பில் இருக்கிறது.

இதற்கு மருந்து சுண்ணாம்புச் சத்து. நடுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னர் டொலமைட் தூளை மண்ணோடு கலந்து கொத்திவிடலாம். விறகடுப்பு எரியும் வீட்டில் நாள்தோறும் சேரும் சாம்பலும் புளிப்பை ஓரளவு முறிக்கும். பொட்டாசியச் சத்தையும் தரும். ஆயினும் சாம்பலை அளவோடு தூவுதல் வேண்டும். உருளைக்கிழங்குப் பாத்தியில் அதைத் தவிர்ப்பது நல்லது. புளிப்புக் குறைந்த மண்ணில் கிழங்கின் தோலில் சொறிநோய் மிகும்.

எதை நடுவது?

ஊவாவிலே பயிரைத் தெரிவு செய்வது உயரம். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் உள்ளது. அங்கும் பசறை, ஹாலிஎலைப் பக்கத்துத் தாழ்ந்த தோட்டங்களிலும் கத்தரி, வெண்டி, மிளகாய், பயற்றங்காய் யாவும் செழிக்கும். 4,000 அடியைத் தாண்டிய பண்டாரவளையிலும், அதற்கும் மேலே அப்புத்தளையிலும் கரட், லீக்ஸ், கோவா, பீட்ரூட் ஆகியவை நன்கு வரும். போஞ்சியோ இரு பகுதிகளுக்கும் பொதுவானது. கொடியாய்ப் படரும் போஞ்சி இனம் ஒன்றுக்குப் பண்டாரவளையின் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது என்பது இம்மாவட்டத்தார் பெருமைகொள்ளத் தக்க செய்தி.

போஞ்சி என்னும் சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்தும், கோவா என்னும் சொல் போர்த்துக்கேயர் மொழியிலிருந்தும் இலங்கைக்கு வந்தவை. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகளில் பிறந்தது; மிளகாயும் சௌசௌவும் மெக்சிக்கோப் பகுதியிலிருந்து புறப்பட்டவை. வேலியோரத்துச் சௌசௌக் கொடியைக் காட்டியே பிள்ளைகளுக்கு உலகப் படத்தைக் கற்பித்துவிடலாம் அன்றோ!

காலக் கணக்கும் முக்கியமானது. ஆனி ஆடியில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த கச்சானாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த மணம் அந்த வறண்ட காற்றின் கொடையே. தேயிலைக்கு மணம் தரும் அக்காற்றுக் கீரைப் பாத்தியைக் கருக்கிவிடும். ஆதலின் காற்று வருமுன் அறுவடை கைக்கு வரும்படி நடுதல் வேண்டும். பங்குனித் தொடக்கத்தில் ஊன்றிய போஞ்சி ஏறத்தாழ 55 முதல் 60 நாட்களில் காய் தரும், வைகாசியில் பறிக்கலாம். முள்ளங்கி 45 நாட்களில் வந்துவிடும். முளைக்கீரை ஒரே மாதத்தில் சட்டிக்கு வரும். மிளகாயையும் தக்காளியையும் முதலில் நாற்றுமேடையில் வளர்த்துச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிப் பெயர்த்து நடலாம். கச்சான் வீசும்போது அவற்றுக்கு நீரூற்றுவது அவசியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. இரு வாரத்துக்கு ஒரு பாத்தியாக விதைத்தால், ஒரு வாரம் பெருக்கும் மறு வாரம் பற்றாக்குறையும் நேரா.

உச்சிப் பொழுது: நிழலும் உணவும்

நடுப்பகலில் மர நிழலில் அமர்ந்து விதை பொறுக்கலாம், பந்தற்கால் சீவலாம், நாற்றுக்குப் பை நிரப்பலாம். அன்றைய உணவுக்கு முதற் பாத்தியின் கீரையே போதும். வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி வறை, சூடான ரொட்டி என்றால் வேலை செய்த வயிற்றுக்கு வேறென்ன வேண்டும்?

தோட்டப்புறப் பெண்களிடையே இரத்தசோகை நெடுங்காலமாக இருந்துவரும் குறை. கீரையில் இரும்புச் சத்து உண்டு. ஆனால் அது உடலில் எளிதில் சேர்வதில்லை. தேசிக்காய்ப் புளியைச் சேர்த்துண்டால் அச்சத்து நன்கு ஏற்கும். உணவோடு சேர்த்துத் தேநீர் அருந்தினாலோ தேயிலையின் துவர்ப்புப் பொருள் அந்தச் சத்தைத் தடுத்துவிடும். தேயிலை நாட்டில் இதைச் சொல்வது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் பொறுத்து அருந்தினால் போதும். வேலியோரத்தில் ஒரு தேசி மரம் நிற்பது எத்துணை நன்மை என்பதை இதனால் அறியலாம்.

ஆறு நாளும் மலையேறிக் கொழுந்து பறித்த தாய், ஏழாம் நாள் தோட்டத்திலும் அடுப்படியிலும் தனியாக உழைப்பதாயின் அது வீட்டுத் தோட்டமன்று, மற்றுமொரு பெரட்டு. ஆடவர் மண் கொத்தவும், பிள்ளைகள் நீர் சுமக்கவும், சமையலை எல்லோரும் பகிரவும் செய்தாலே அந்த ஞாயிறு குடும்பத்தின் ஞாயிறு ஆகும்.

மாலை: குப்பைக்கும் ஒரு பாத்தி

மழை விட்டபின் கூட்டெருக் குவியல் அமைக்கலாம். அடியில் சுள்ளிகள், அதன்மேல் உலர்ந்த சருகு, அதன்மேல் பச்சிலை, பின்னர்ச் சிறிது சாணமும் மண்ணும். இவ்வரிசையில் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரமேனும் அடுக்குக. அதனினும் சிறிய குவியல் சூடேறாது. நன்கமைந்த குவியலின் உள்ளே வெப்பம் 60 பாகை வரை ஏறிக் களைவிதைகளைக் கொன்றுவிடும். பச்சிலைக்குப் பஞ்சமில்லை. ஊவாவின் சாலையோரங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியும், வேலிக் கிளிரிசிடியாவும் தழைச்சத்து மிக்கவை. இரு வாரத்துக்கொரு முறை புரட்டிவிட்டால் மூன்று மாதத்தில் எரு ஆயத்தமாகும்.

பல வீடுகளில் இவ்வேளையில் ஓர் உரையாடல் நிகழ்வதுண்டு.

“அம்மாயி, குப்பையை ஏன் இப்படி அடுக்குறீங்க? பத்த வச்சா முடிஞ்சு போகுமே!”

“பத்த வச்சா ஒரு கைப்பிடிச் சாம்பல்தான் ராசா மிஞ்சும். அடுக்கி வச்சா மண்ணுக்குச் சாப்பாடு.”

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நாடெங்கும் விளைச்சல் வீழ்ந்தபின், அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியதை நாமறிவோம். பெருநிலங்களை ஒரே இரவில் சேதனப் பசளைக்கு மாற்றவியலாது என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் பத்துப் பாத்திகள் கொண்ட வீட்டுத் தோட்டத்தின் கணக்கு வேறு. அதற்கு வேண்டிய எருவில் பெரும்பகுதியை அந்த வீட்டின் குப்பையும் வேலியும் தந்துவிடும்.

பணி முடிந்ததும் கருவிகளைக் கழுவித் துடைத்து வைத்தல் வேண்டும். சிரட்டை, பழைய வாளி, நாற்றுச் சட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுக. டெங்கு நுளம்பு பெருகுவதற்கு ஒரு சிரட்டை நீர் போதும். மாணவர்கள் அன்று ஊன்றிய விதை, நாள், மழை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பாராயின் அடுத்த ஆண்டு அதுவே அவ்வீட்டின் வேளாண்மை நூலாகும்.

ஏழு பேர்ச்சில் என்ன செய்யலாம்?

அண்மைக் காலத்தில் மலையகத்தில் அமைக்கப்பட்ட தனி வீடுகள் பலவற்றுக்கு 7 பேர்ச் நிலம் வழங்கப்பட்டது. இந்திய உதவியுடன் மத்திய, ஊவா மாகாணங்களில் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு 550 சதுர அடி. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீட்டுக்கும் வழிக்கும் மலசலகூடத்துக்கும் போக, 450 சதுர அடியேனும் தோட்டத்துக்கு ஒதுக்கலாம். மூன்றடி அகலமும் பத்தடி நீளமும் உள்ள பாத்திகள் பத்து, இடைவழியோடு அதில் அடங்கும். ஒரு குடும்பத்தின் அரிசிக்கு அது போதாது. ஆனால் கீரை, பச்சைமிளகாய், காய்கறி ஆகியவற்றுக்குக் கடைக்குச் செல்லும் காசில் ஒரு பகுதி கையில் நிற்கும்.

ஆயினும் பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் இன்றும் தாம் வாழும் மண்ணுக்கு உறுதி இல்லாதவை. அதன் விளைவைச் செடிகளிலேயே காணலாம். லயத்தோரப் பாத்திகளைப் பாருங்கள்: கீரை, போஞ்சி, மிளகாய், சோளம். யாவும் சில மாதப் பயிர்கள். உறுதி கையிலுள்ள வீட்டின் முற்றத்திலோ பலா நிற்கும்; ஆனைக்கொய்யா நிற்கும்; மா நிற்கும். கீரைக்கு ஒரு மாத நம்பிக்கை போதும். விதையிலிருந்து வளர்க்கும் பலாவுக்கு ஐந்தாண்டுக்கும் மேற்பட்ட நம்பிக்கை வேண்டும். நாளை எழுப்பிவிடுவார்களோ என்னும் ஐயத்தில் வாழ்பவர் மரம் நடுவாரா? காணியுரிமை பற்றிய பேச்சு அரசியல் மேடைக்கு மட்டும் உரியதெனக் கருதுவோர், ஒரு முறை லயத்தோரப் பாத்திகளையும் தனி வீட்டு முற்றங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

எனவே, நிலம் கிடைத்த குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இப்பங்குனியில் பாத்திகளெல்லாம் கட்டி முடித்த பின்னர், இரண்டடிக் குழி ஒன்று தோண்டி, எருவும் மேல்மண்ணும் இட்டு, ஒரு தேசியையோ மாவையோ ஒட்டுக் கன்றாக நடுங்கள். வீட்டுச் சுவருக்குப் பதினைந்தடி தள்ளி, சரிவின் விளிம்பை விட்டு நடுங்கள். குழியை மூடும் மண்ணைப் பிள்ளைகளின் கையால் இடச் செய்யுங்கள். வேலை தேடி அவர்கள் நாளை கொழும்புக்குப் போகலாம். வேறு நாடு போகலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, தாம் நட்ட மரத்தின் காயைத் தம் கையாலேயே பறிக்கட்டும்.